அந்தச் சிவப்பு நிஜமா? சின்ன டெலஸ்கோப்பும் மாடிஃபை பண்ண கேமராவும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வானம் பற்றின எபிசோடு போட்டு ரொம்ப நாள் ஆச்சு. இன்னைக்கு மறுபடியும் அங்கேதான் போறோம்.

நான் எடுத்த ரோசெட் நெபுலா படத்தைப் பார்க்கிறவங்க கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "இது நிஜமா, இல்ல போட்டோஷாப்பா?" ஆபீஸில் கேட்டிருக்காங்க, வீட்டில் அம்மா கேட்டிருக்காங்க, இந்த பாட்காஸ்ட் கேக்குற நிறைய பேர் மெயிலில் கேட்டிருக்காங்க. ஒரு வரி டைப் பண்ணினா கம்ப்யூட்டரே ஒரு நெபுலாவை வரைஞ்சு கொடுக்குற காலம் இது. அதனால இந்தக் கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது படம் எடுத்தவனோட பொறுப்பு.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு டேட்டா எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகம் வந்தா, பைப்லைனை ஆரம்பத்தில் இருந்து ஒவ்வொரு படியா பார்ப்போம் இல்லையா? அதையே இங்கயும் செய்யலாம். அந்தச் சிவப்பு வெளிச்சம் எங்க கிளம்புது, வழியில் யார் யார் கை மாறுது, கடைசியில் உங்க போன் திரைக்கு எப்படி வருது. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இங்க ஏதாவது தொலைஞ்சுதா, ஏதாவது புதுசா சேர்ந்துச்சா?

வெளிச்சம் கிளம்புற இடம்

திருவாதிரை நட்சத்திரம் தெரியும் இல்லையா? ஓரியன் கூட்டத்தில் செம்மஞ்சளா மின்னும். அதிலிருந்து கிழக்குப் பக்கமா, கையை முழுசா நீட்டி முஷ்டி பிடிச்சா எவ்வளவு அகலம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் ரோசெட் நெபுலா இருக்கு. நம்மகிட்ட இருந்து சுமார் 5,000 ஒளியாண்டு. அதோட குறுக்களவே 100 ஒளியாண்டுக்கு மேல். வானத்தில் அது பிடிக்கிற இடம் முழு நிலாவைப் போல ரெண்டரை மடங்கு அகலம். இவ்வளவு பெரிசா இருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அங்க இருக்கிறது பெரும்பாலும் ஹைட்ரஜன். நடுவில் ஒரு இளம் நட்சத்திரக் கூட்டம். அதில் ரொம்பச் சூடான சில நட்சத்திரங்கள் புற ஊதாக் கதிரை அள்ளி வீசுது. 91.2 நானோமீட்டரை விடக் குறைஞ்ச அலைநீளம் உள்ள கதிர் ஒரு ஹைட்ரஜன் அணுவில் பட்டா, அதோட எலக்ட்ரான் பிச்சுக்கிட்டுப் போயிடும். அப்படி அலையுற எலக்ட்ரான் பிறகு இன்னொரு புரோட்டான்கிட்ட மாட்டும். மாட்டின எலக்ட்ரான் மாடிப்படி இறங்குற மாதிரி ஒவ்வொரு ஆற்றல் நிலையா கீழ இறங்கும். மூணாவது படியில் இருந்து இரண்டாவது படிக்கு இறங்கும்போது ஒரு ஃபோட்டான் வெளிய வரும். அதோட அலைநீளம் 656.3 நானோமீட்டர். அடர் சிவப்பு. இதைத்தான் ஹைட்ரஜன் ஆல்ஃபான்னு சொல்றோம்.

நாலாவது படியில் இருந்து இரண்டாவதுக்கு இறங்கினா 486.1 நானோமீட்டர், நீலப்பச்சை. அது ஹைட்ரஜன் பீட்டா. இந்த மாதிரி வாயுவில் பீட்டாவை விட ஆல்ஃபா கிட்டத்தட்ட 3 மடங்கு பலமா வரும். இதெல்லாம் அணுவோட அமைப்பு தீர்மானிக்கிற விஷயம். கேமரா கம்பெனிக்கும் நமக்கும் இதில் பங்கே இல்ல. இப்படித் தானே ஒளியை வெளியிடுற வாயு மேகத்தைத்தான் எமிஷன் நெபுலான்னு சொல்றாங்க.

இதே சிவப்பை நம்ம பக்கத்து மண்ணில் நின்னு ஒருத்தர் பார்த்திருக்கார். 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரான்ஸில் இருந்து பியர் ஜான்சென் வந்திருந்தார். நிலா சூரியனை மறைச்சப்போ, விளிம்பில் சிவப்புத் தீ நாக்குகள் மாதிரி தெரிஞ்சதை அவர் ஸ்பெக்ட்ரோஸ்கோப் வழியா பார்த்தார். பளிச்சுன்னு ஹைட்ரஜன் கோடுகள். அவ்வளவு பிரகாசமா இருந்ததால, கிரகணம் முடிஞ்ச மறுநாளும் அதே கோடுகளைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தார். சூரியனோட அந்தச் சிவப்பும் ரோசெட்டோட சிவப்பும் ஒரே அலைநீளம்தான்.

ஆக, முதல் படியில் விஷயம் தெளிவு. சிவப்பு அங்க இருக்கு.

கண் ஏன் கைவிடுது

அப்படின்னா டெலஸ்கோப்பில் கண்ணை வச்சுப் பார்த்தா ஏன் சிவப்பா தெரியல? இரண்டு காரணம்.

ஒண்ணு, இருட்டில் நம்ம கண் வேற ஒரு செல்களை நம்பி வேலை செய்யுது. நிறம் பார்க்குற கூம்பு செல்களுக்கு நிறைய வெளிச்சம் வேணும். மங்கலான வெளிச்சத்தில் உதவுறது குச்சி செல்கள். அதுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அது நல்லா உணர்றது 500 நானோமீட்டரை ஒட்டின நீலப்பச்சையை. 656 நானோமீட்டர் சிவப்பு அதுக்குக் கிட்டத்தட்ட இருட்டுதான். 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் லண்டனில் ஒரு நெபுலாவை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் பார்த்து, அது நட்சத்திரக் கூட்டம் கிடையாது, ஒளிரும் வாயுன்னு கண்டுபிடிச்சார். அன்னைக்கு அவர் கண்ணுக்குத் தெரிஞ்ச கோடுகள் எல்லாம் பச்சை, நீலப்பச்சைப் பக்கம்தான்.

இரண்டாவது காரணம் பலருக்கு ஆச்சரியமா இருக்கும். நெபுலா மாதிரி விரிஞ்சு கிடக்குற பொருளை டெலஸ்கோப் பெரிசாக்கிக் காட்டும், ஆனா அதோட ஒவ்வொரு துண்டையும் கூடுதல் பிரகாசமாக்கிக் காட்டாது. கிட்டப் போனாலும் இதே கதைதான். விண்கலத்தில் ஏறி ரோசெட் பக்கத்தில் போய் நின்னாலும், அது வானத்தில் பெரிசா விரியும், அடர்த்தி அதேதான். அப்பவும் மங்கலான சாம்பல் பனி மாதிரிதான் தெரியும்.

அதனால "நேரில் பார்த்தா தெரியுமா" அப்படிங்கிறதை நிஜத்துக்கு அளவுகோலா வைக்க முடியாது. எஃப்.எம். ரேடியோ அலையையும் நாம பார்க்கிறதில்ல, அது இல்லைன்னு யாரும் சொல்றதில்ல. கருவி சொல்றதை எவ்வளவு நம்பலாம் அப்படிங்கிறதுதான் கேள்வி.

கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி

இப்போ கருவிக்கு வருவோம். சாதாரண டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராவில் இருக்குற சிலிக்கான் சென்சாருக்கு 656 நானோமீட்டர் நல்லாவே தெரியும். அகச்சிவப்புக் கதிர் கூடத் தெரியும். அதுதான் பிரச்சனை. அகச்சிவப்பை அப்படியே விட்டா கல்யாண போட்டோவில் தோல் நிறம், துணி நிறம் எல்லாம் மாறிடும். அதனால சென்சாருக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் கண்ணாடி வச்சிருக்காங்க. அது அகச்சிவப்பை மட்டும் வெட்டாம, சிவப்போட கடைசிப் பகுதியில் இருந்தே மெதுவா வெட்ட ஆரம்பிக்கும். ஹைட்ரஜன் ஆல்ஃபா சரியா அந்தச் சரிவில் மாட்டிக்குது. பல கேமராக்களில் நாலில் ஒரு பங்கு அளவுதான் உள்ள போகும்.

அதாவது, கடையில் வாங்கின கேமரா "உள்ளது உள்ளபடி" காட்டுதுன்னு நாம நினைக்கிறோம். ஆனா நெபுலா விஷயத்தில் முக்கால்வாசி டேட்டாவை வாசலிலேயே நிறுத்திடுது. ஆல்ஃபா வெட்டுப்பட்டு பீட்டா முழுசா உள்ள போறதால, ஓரியன் நெபுலா அந்தக் கேமராவில் நீலம் கலந்த ஊதாவா வரும். அதுதான் இயற்கைன்னு நம்பி, சிவப்பு படத்தைப் பொய்ன்னு சொல்றவங்களும் உண்டு.

இது புதுசும் இல்ல. 1880 செப்டம்பரில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதல் முறையா போட்டோ எடுத்தார். 11 அங்குல டெலஸ்கோப், ஏறக்குறைய 51 நிமிடம் எக்ஸ்போஷர். அந்தக் காலத்துப் பிளேட்டுகளுக்கு நீலம் மட்டும்தான் நல்லாத் தெரியும். உலகத்தோட முதல் நெபுலா போட்டோவிலேயே ஆல்ஃபா கிட்டத்தட்ட கிடையாது.

கேமராவை மாடிஃபை பண்றது அப்படின்னா இந்த ஃபில்டரை எடுத்துட்டு, 656-ஐ முழுசா உள்ள விடுற வேற ஃபில்டரை வைக்கிறது. கேமரா கம்பெனிகளே இந்த மாதிரி மாடல் விட்டிருக்காங்க. கேனான் 2005-ல் 20டிஏ, 2012-ல் 60டிஏ, 2019-ல் இ.ஓ.எஸ். ஆர்ஏ. நிக்கான் 2015-ல் டி810ஏ. ஆர்ஏ மாடலில் ஹைட்ரஜன் ஆல்ஃபா சாதாரண ஆர் மாடலை விட சுமார் 4 மடங்கு உள்ள போகும். மத்தவங்க பெரும்பாலும் பழைய கேமரா ஒண்ணை வாங்கி, இந்த வேலை தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து மாத்திக்கிறாங்க.

நீங்களே பிரிக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, பிளாஷ் உள்ள கேமராவில் அதோட கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும்; பேட்டரியைக் கழட்டின பிறகும் இருக்கும். இது விளையாட்டு இல்ல. இரண்டு, வாரன்ட்டி அன்னையோட முடிஞ்சுது. மூணு, ஃபில்டரை எடுத்துட்டு எதுவுமே வைக்காம விட்டா, லென்ஸ் உள்ள டெலஸ்கோப்பில் அகச்சிவப்பு வேற இடத்தில் ஃபோகஸ் ஆகி நட்சத்திரம் எல்லாம் உப்பிப் போய் வரும். அப்போ தனியா ஒரு ஃபில்டர் முன்னாடி மாட்டியே ஆகணும். மாடிஃபை பண்ண கேமராவில் பகலில் எடுக்குற படம் சிவப்பு பூசின மாதிரி வரும். ஒயிட் பேலன்ஸை நாமளே செட் பண்ணிக்கணும்.

சின்ன டெலஸ்கோப் ஏன் போதும்

நெபுலா எடுக்கப் பெரிய டெலஸ்கோப் வேணும்னு பலர் நினைக்கிறாங்க. கணக்குப் பார்த்துடலாம். 60 மி.மீ. விட்டம், 360 மி.மீ. குவிய தூரம், அதாவது எஃப் 6 டெலஸ்கோப். கையில் தூக்கிட்டுப் போற சைஸ்தான். ஏ.பி.எஸ்.-சி சென்சார் மாட்டினா சுமார் 3.5 டிகிரிக்கு 2.4 டிகிரி வானம் கிடைக்கும். 1.3 டிகிரி ரோசெட் அதில் தாராளமா உட்காரும். அதே கேமராவை 200 மி.மீ. விட்டம், 2,000 மி.மீ. குவிய தூரம் உள்ள டெலஸ்கோப்பில் மாட்டினா 0.6 டிகிரிதான் கிடைக்கும். ரோஜாவில் ஒரு இதழ்தான் வரும்.

வெளிச்சம்? விரிஞ்ச பொருளுக்கு ஒவ்வொரு பிக்ஸலிலும் விழுற வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது எஃப் எண். எஃப் 10-ஐ விட எஃப் 6-ல் ஒரு பிக்ஸலுக்கு கிட்டத்தட்ட 2.8 மடங்கு வெளிச்சம். பெரிய டெலஸ்கோப் நுணுக்கத்தில் ஜெயிக்கும். அகலமான மங்கல் நெபுலாவுக்குச் சின்னதே பொருத்தம்.

மிருகசீரிடம் நட்சத்திரத்தை எடுத்துக்குங்க. ஓரியனோட தலைப் பக்கம் இருக்குற மங்கலான நட்சத்திரம். அதைச் சுத்தி நிலாவைப் போல சுமார் 10 மடங்கு அகலத்தில் ஒரு ஹைட்ரஜன் மேகம் இருக்கு. ஜாதகக் கட்டத்தில் பேர் எழுதி வச்சிருக்கோம், அதைச் சுத்தி இவ்வளவு பெரிய சிவப்பு வளையம் இருக்கிறது கண்ணுக்குத் தெரியல. அதை எடுக்க டெலஸ்கோப் கூட வேண்டாம்; 135 மி.மீ. கேமரா லென்ஸ் போதும்.

பட்ஜெட்டில் முதல் பங்கு மவுன்ட்டுக்குப் போகணும். பூமி சுத்துறதால வானம் விநாடிக்கு 15 ஆர்க் விநாடி நகருது. நான் சொன்ன 360 மி.மீ. டெலஸ்கோப்பில் அது விநாடிக்கு 6 பிக்ஸல். 3 நிமிட எக்ஸ்போஷரில் ஆயிரம் பிக்ஸலுக்கு மேல் கோடு இழுத்துடும். அதனால வானத்தோட சேர்ந்து திரும்புற மவுன்ட் வேணும், அதோட அச்சு துருவ நட்சத்திரத்தை ஒட்டின வட துருவப் புள்ளியைப் பார்க்கணும். தமிழ்நாட்டில் இங்கதான் சிக்கல். துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்துக்கு மேல 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரிதான். பாதி நாள் புழுதியிலயும் பனி மூட்டத்திலயும் மறைஞ்சிருக்கும். நல்ல வேளையா, கேமரா எடுக்குற படத்தை நட்சத்திர அட்டவணையோட ஒப்பிட்டு "அச்சை இவ்வளவு திருப்பு"ன்னு சொல்ற சாஃப்ட்வேர் இப்போ இருக்கு. துருவ நட்சத்திரம் தெரியலைன்னாலும் வேலை நடக்கும்.

ஒரு ராத்திரியோட கணக்கு

நம்ம ஊரில் ரோசெட்டுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சு வானம் தெளிஞ்சிருக்கும். பிப்ரவரி நடுவில் ராத்திரி 9 மணி வாக்கில் ரோசெட் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல இருக்கும். தெற்கே இருக்கிறதால நமக்குக் கிடைக்கிற லாபம் இது. ஐரோப்பாவில் இருக்கிறவங்களுக்கு அது இவ்வளவு உயரம் ஏறாது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எண்கள் புரியறதுக்காக நான் வச்சுக்கிட்டது. ஒரு எக்ஸ்போஷரில் ஒரு பிக்ஸலுக்கு நெபுலாவில் இருந்து 10 ஃபோட்டான் வருது, ஊர் விளக்கு கலந்த வானத்தில் இருந்து 90 வருதுன்னு வைங்க. மொத்தம் 100. ஃபோட்டான் மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாம வர்றதால, அந்த எண்ணிக்கையில் வர்க்கமூல அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். 100-க்கு 10. சிக்னலும் 10, இரைச்சலும் 10. ஒரு படத்தில் ஒண்ணும் தெரியாது.

இப்போ 100 படம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறோம். ஸ்டாக்கிங். சிக்னல் 1,000. மொத்தம் 10,000, அதோட வர்க்கமூலம் 100. இப்போ சிக்னல் இரைச்சலை விட 10 மடங்கு. நெபுலா எழும்பி வருது.

அதே நெபுலாவை இருட்டான இடத்தில் எடுத்தா? வானம் 90-க்குப் பதிலா 15. மொத்தம் 25, இரைச்சல் 5. ஒரே படத்திலேயே விகிதம் 2. முன்ன 100 படத்தில் வந்தது இப்போ 25 படத்தில் வரும். சரி, மாடிஃபை பண்ணாத கேமராவை ஊருக்குள்ள வச்சா? நெபுலா 10-க்குப் பதிலா 2.5. அதே தரத்துக்கு சுமார் 1,500 படம் வேணும். அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டோட விலை இதுதான்.

காவலூரில் 1986-ல் திறந்த 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலையில் இருக்கிறதும் இருட்டை நம்பித்தான். ஊர்களில் பழைய சோடியம் விளக்கு 589 நானோமீட்டரை ஒட்டி மட்டும் அதிகமா எரிஞ்சது. ஒரு ஃபில்டர் வச்சு அதைத் தள்ளிடலாம். இப்போ வந்திருக்குற வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுது. மொட்டை மாடியில் இருந்து எடுக்கிறவங்க டூயல் பேண்ட் ஃபில்டர் போடுறாங்க. அது ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும், 500.7 நானோமீட்டரில் வர்ற ஆக்ஸிஜன் வெளிச்சத்தையும் சுத்தி ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்து வைக்கும். நெபுலாவுக்கு அது நல்ல வழி. நட்சத்திரங்களோட இயல்பான நிறம் மட்டும் போயிடும்.

இதோட அளவீட்டுத் திருத்தம் கொஞ்சம் இருக்கு. மூடியைப் போட்டு அதே நேரம், அதே வெப்பநிலையில் எடுக்குறது டார்க். சென்சார் சூட்டில் தானா உண்டாகுற சிக்னலைக் கழிக்க. இந்தச் சூட்டு சிக்னல் ஏறக்குறைய 6 டிகிரி ஏறும்போதெல்லாம் இரண்டு மடங்காகும். நம்ம ஊர் ராத்திரிக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. ஒரே சீரான வெளிச்சத்தை எடுக்குறது ஃப்ளாட். தூசி, ஓர இருட்டு போக. ஒவ்வொரு சில படத்துக்கும் டெலஸ்கோப்பைச் சில பிக்ஸல் நகர்த்துறது டிதரிங். சென்சாரோட குறை ஒரே இடத்தில் சேராம இருக்க.

எது அளவீடு, எது ரசனை, எது கற்பனை

இப்போ அந்தக் கேள்விக்கு வரலாம். ஸ்டாக் பண்ணி முடிச்ச ஃபைலைத் திறந்தா கிட்டத்தட்ட கருப்பாத்தான் இருக்கும். நெபுலா எல்லாம் அடியில் கிடக்கும். அதை மேல கொண்டு வர்ற வேலையை நான் மூணாப் பிரிச்சுப் பார்ப்பேன்.

முதல் வகை அளவீடு. டார்க் கழிக்கிறது, ஃப்ளாட்டில் வகுக்கிறது, ஸ்டாக் பண்றது. இது கணக்கு. யார் செஞ்சாலும் அதே விடை வரணும்.

இரண்டாவது வகை ரசனை. மங்கலை எவ்வளவு தூக்குறது, சிவப்பு எவ்வளவு அழுத்தமா இருக்கணும், இதெல்லாம் என் முடிவு. ஒரே டேட்டாவை வச்சு நீங்க வேற மாதிரி செய்வீங்க, அதுவும் சரிதான். படம் முழுக்க ஒரே விதி ஓடுற வரைக்கும், எது பிரகாசம், எது மங்கல் அப்படிங்கிற வரிசை மாறாது. 1995-ல் ஹப்பிள் எடுத்த பிரபலமான கழுகு நெபுலா தூண்களில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் கொடுத்தாங்க. அதுவும் பொய் கிடையாது, வரைபடத்தில் ஆறு, மலைக்கு நிறம் கொடுக்குற மாதிரி. எந்த நிறம் எதுக்குன்னு சொல்லிடணும், அவ்வளவுதான்.

மூணாவது வகையில்தான் எனக்குக் கவலை. டேட்டாவில் இல்லாததை மென்பொருள் தன் நினைவில் இருந்து எடுத்துப் போடுறது. 2023-ல் ஒருத்தர் மங்கலாக்கின நிலா படத்தை மானிட்டரில் போட்டு, அதை ஒரு போனில் படம் எடுத்தார். மானிட்டரில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போன் படத்தில் வந்துச்சு. நிலாவுக்கு அதனால பெரிய நஷ்டம் இல்ல, அது மாறாத முகம். நெபுலாவில் இரைச்சலைக் குறைக்கவும், மங்கலைக் கூர்மையாக்கவும் இப்போ கத்துக்கிட்ட மாடல்கள் நிறைய வந்திருக்கு. நானும் பயன்படுத்துறேன். அளவோட போட்டா பிரயோஜனம்தான். அழுத்திப் போட்டா இரைச்சலையே இழை இழையா நெபுலா மாதிரி நெய்து கொடுத்துடும். பார்க்க அழகா இருக்கும், அதுதான் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்ற சோதனை ரொம்ப எளிமை. எடுத்த படங்களை இரண்டாப் பிரிங்க. ஒற்றைப்படை வரிசை ஒரு பக்கம், இரட்டைப்படை வரிசை ஒரு பக்கம். தனித்தனியா ஸ்டாக் பண்ணி, இரண்டுக்கும் ஒரே ப்ராசஸிங் போடுங்க. நிஜ இழை இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும். இரைச்சலில் பிறந்த இழை ஒண்ணில் ஒரு மாதிரி, இன்னொண்ணில் வேற மாதிரி வரும். ஆனா இதுவும் முழுச் சோதனை கிடையாது. சென்சாரில் ஒட்டின தூசியும், ஃபில்டருக்குள்ள வர்ற பிரதிபலிப்பும் இரண்டு பாதியிலுமே வரும். அதுக்கு இரண்டாவது ராத்திரி கேமராவைத் திருப்பி மாட்டி எடுக்கணும். வானத்தில் இருக்கிறது வானத்தோட நிக்கும். கருவியில் இருக்கிறது கருவியோட திரும்பிடும்.

ஆண்ட்ரோமெடா பக்கத்தில் ஒரு வளைவு

"பொழுதுபோக்குக்கு எதுக்கு இவ்வளவு கண்டிப்பு?"ன்னு கேக்கலாம். அதுக்கு ஒரு நிகழ்வைச் சொல்றேன்.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. வானத்தில் அதிகமா படம் எடுக்கப்பட்ட பொருட்களில் ஒண்ணு. புதுசா என்ன இருக்கப் போகுதுன்னு யாருக்கும் தோணும். யான் சைன்டி, மார்செல் ட்ரெக்ஸ்லர், ஸேவியர் ஸ்ட்ராட்னர்னு மூணு அமெச்சூர்கள் சேர்ந்து அதை ஆக்ஸிஜன் வெளிச்சத்தில் பல ராத்திரி எடுத்தாங்க. டெலஸ்கோப் 106 மி.மீ. விட்டம்தான். கேலக்ஸிக்குப் பக்கத்தில் நீளமா, மங்கலா ஒரு வளைவு தெரிஞ்சுது. அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதது.

இப்படி ஒண்ணு வந்தா முதல் சந்தேகம் கருவி மேலதான் வரணும். ஃபில்டர் பிரதிபலிப்பா? ப்ராசஸிங்கா? வேற இடத்தில், வேற டெலஸ்கோப்பில் எடுத்தவங்களோட டேட்டாவிலும் அதே வளைவு அதே இடத்தில் இருந்துச்சு. 2023 ஜனவரியில் தொழில்முறை வானியலாளர்களோட சேர்ந்து ஆய்வுக் குறிப்பா வெளியிட்டாங்க. அது எவ்வளவு தூரத்தில் இருக்கு, எதனால உண்டாச்சுன்னு அதுக்குப் பிறகும் ஆராய்ச்சி நடந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஆண்ட்ரோமெடா எப்படி இருக்கும்னு "தெரிஞ்ச" மாடல் ஒண்ணு அந்த டேட்டாவைச் சுத்தம் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பழகின படத்தில் அந்த வளைவு இல்ல. அதனால அதை அழுக்குன்னு எடுத்து வீசியிருக்கும். இல்லாததைச் சேர்க்குற கருவி, இருக்கிறதை அழிக்கவும் செய்யும். சின்ன டெலஸ்கோப் வச்சிருக்குற நம்மகிட்ட இருக்குற பெரிய சொத்து பொறுமையா சேர்த்த நேரம். பெரிய ஆய்வகங்களால ஒரே இடத்தை இத்தனை ராத்திரி பார்த்துட்டு இருக்க முடியாது. அந்த நேரத்தோட மதிப்பு, டேட்டாவைக் கெடுக்காம வச்சிருக்கிற வரைக்கும்தான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

படம் போடுறவங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். படத்தோட கூடவே நாலு வரி எழுதுங்க: எந்தக் கருவி, எந்த ஃபில்டர், மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த நிறத்துக்கு எந்த வெளிச்சம், கத்துக்கிட்ட மாடல் ஏதாவது ஓட்டியிருந்தா அதோட பேர். கோடுக்கு கமிட் மெசேஜ் எழுதுற மாதிரி. மூல ஃபைல்களை அழிக்காதீங்க. ஹார்ட் டிஸ்க் விலை, திரும்ப அந்த ராத்திரிகளைச் சம்பாதிக்கிற விலையை விடக் குறைவு.

பார்க்கிறவங்களுக்கும் ஒண்ணு. அடுத்த முறை சிவப்பு நெபுலா படம் பார்த்தா "நிஜமா"ன்னு தாராளமா கேளுங்க. கூடவே "எப்படி எடுத்தீங்க"ன்னும் கேளுங்க. நிஜமா எடுத்தவங்க அந்த இரண்டாவது கேள்விக்கு உங்களை அரை மணி நேரம் விட மாட்டாங்க. இந்த எபிசோடே அதுக்குச் சாட்சி.

கேமரா மாடிஃபை பண்றது பற்றியோ, மவுன்ட் தேர்வு பற்றியோ சந்தேகம் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் ஸ்டாக்கிங் மென்பொருள் உள்ள என்ன நடக்குதுன்னு, ஒரு விமானமோ செயற்கைக்கோளோ படத்தில் குறுக்கே போனா அதை எப்படிக் கண்டுபிடிச்சுத் தள்ளுதுன்னு விரிவாப் பேசலாம். அதுவரைக்கும் தெளிவான வானம் அமையட்டும்.